பந்தி பரிமாறத் தனி ஆள்

எல்.இ.டி பட்டையும் கடிகாரமும் சேர்த்துச் செய்தாராம். விளக்கு ஓடும்போது கடிகாரம் பின்தங்குகிறதாம். அர்டுயினோ நானோ போர்டு பழுதா என்று கேட்கிறார் ஒரு மாணவர்.

பழுதெல்லாம் இல்லை. பட்டையில் இருப்பவை டபிள்யூ.எஸ்.2812 வகை விளக்குகள். நூறு விளக்குக்கு நிறம் சொல்ல 2,400 பிட் வேண்டும், பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி. ஒரே ஒயரில் மின்னழுத்தம் 0.4 மைக்ரோ விநாடி உயர்ந்து நின்றால் பூஜ்யம், 0.8 நின்றால் ஒன்று. 16 மெகாஹெர்ட்ஸ் நானோவுக்கு ஒரு பிட்டுக்கு 20 துடிப்புதான் கிடைக்கிறது. எனவே பல லைப்ரரிகள், அனுப்பி முடியும்வரை இன்டரப்டுகளை, அதாவது நடுவே வரும் அழைப்புகளை, மூடிவிடுகின்றன. அந்த 3 மில்லி விநாடிக்குள் நேரம் எண்ணும் டைமர் ஏறத்தாழ மூன்று முறை கூப்பிடும், ஒன்றுதான் பதிவாகும். விநாடிக்கு 30 முறை நிறம் மாற்றினால் மணிக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் போச்சு. நேரத்தைத் தானே எண்ணும் டி.எஸ்.3231 மாட்யூலைச் சேர்த்தால் தீர்ந்தது. புது போர்டு வாங்கத் தேவையில்லை.

வாங்கித்தான் தீருவேன் என்றால், 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோ இருக்கிறது. இரட்டைக் கோர், 133 மெகாஹெர்ட்ஸ் என்று விளம்பரம் அலறும். அதுவல்ல விசேஷம். உள்ளே பின்களைக் கவனிக்கவென்றே பி.ஐ.ஓ என்றொரு பகுதி இருக்கிறது.

கல்யாணப் பந்தியில் தலைமைச் சமையல்காரரே சாம்பார் வாளியோடு இறங்கினால் அடுப்பைப் பார்க்க ஆளிருக்காது. நானோவின் கதி அதுதான். பைக்கோவின் பி.ஐ.ஓ-வில் பரிமாற மட்டும் எட்டுப் பேர். நால்வர் நால்வராக இரண்டு அணி. அணிக்கொரு துண்டுச் சீட்டு, அதில் 32 வரிதான் எழுதலாம். தெரிந்த வேலை மொத்தம் ஒன்பது. கூட்டல் தெரியாது, ஒவ்வொன்றாகக் குறைக்கத் தெரியும். ஆனால் எந்த வரியும் ஒரே துடிப்பில் முடியும். 'முடித்துவிட்டு இத்தனை துடிப்பு நில்' என்பதையும், கரண்டியை (அதாவது பின்னின் மின்னழுத்தத்தை) ஏற்றுவது இறக்குவதையும் அதே வரியிலேயே சேர்த்தெழுதலாம். அதனால்தான் டபிள்யூ.எஸ்.2812-ஐ ஓட்ட நாலே வரி போதுகிறது! சமையலறைக்கும் பரிமாறுபவருக்கும் நடுவே நான்கு வாளி கொள்ளும் மேடை உண்டு. விளக்குக்கு ஒரு வாளி. டி.எம்.ஏ என்ற எடுபிடி அதை நிரப்பிக்கொண்டிருந்தால் சமையல்காரர் திரும்பியே பார்க்க வேண்டாம். வாளி தீர்ந்தால் பரிமாறுபவர் நின்ற இடத்திலேயே சிலையாவார், 'மோர் எங்கே?' என்று யார் கத்தினாலும் காதில் விழாது.



பைக்கோவிலும் பொத்தல் உண்டு. அனலாக் அளவை 12 பிட் என்கிறார்கள். நம்பத்தக்கது ஏறத்தாழ 9 பிட்தான். பின்களில் வருவது 3.3 வோல்ட். 5 வோல்ட் பட்டையின் டேட்டா ஒயருக்கோ டேட்டா ஷீட்படி 3.5 வோல்ட்டாவது வேண்டும். நேரடியாக இணைத்தாலும் பெரும்பாலும் எரியும். ஆனால் என்றாவது ஒருநாள், முதல் விளக்கு கண்டபடி நிறம் காட்டும். 3.3 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றித்தர நடுவே ஒரு 74ஏ.எச்.சி.டி.125 சிப்பைப் போட்டுவிடுங்கள்.