நகச்சொத்தை என்று விட்டுவிடாதீர்கள்

நகத்தில் ஊசி முனையால் குத்தியதுபோல் சின்னச் சின்னக் குழிகள். நுனியில் நகம் சதையை விட்டு எழும்பி வெளுத்திருக்கிறது. அந்த வெளுப்பின் ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு கரை. பார்த்தவர்கள் நகச்சொத்தை என்பார்கள். மருதாணி அரைத்து வைப்போம், மருந்துக்கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கித் தடவுவோம். மாதக்கணக்கில் தடவியும் மாறவில்லை என்றால் சொரியாசிஸ் பக்கமும் யோசிக்க வேண்டும்.

சொரியாசிஸ் தோலோடு நிற்கும் நோய் அல்ல. அது உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரை மூட்டழற்சிக்கும் ஆளாகிறார்கள். பெரும்பாலும் தோலில் படை வந்து பல ஆண்டுகள் கழித்தே மூட்டு வலிக்கத் தொடங்கும். அப்படி மூட்டு பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு நகத்திலும் மாற்றம் இருக்கிறது.

மூட்டில் வரும் நோய்க்கு நகம் ஏன் கெட வேண்டும்? இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டென்னிஸ் மெக்கோனகல் குழுவினர் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. விரலை நீட்டும் தசைநாண், விரல் நுனி எலும்பில் வந்து பதிகிறது. அதன் இழைகள் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. நகத்தின் வேர்ப்பகுதியையும் போய்ச் சூழ்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறி அந்தப் பதிவிடத்தைத் தாக்கும்போது, சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் நக வேரும் அழற்சியில் சிக்குகிறது. அங்கே உருவாகும் செல்கள் சரியாக முதிர்வதில்லை. நகம் வளர்ந்து வெளியே வரும்போது அவை உதிர்ந்துவிடுகின்றன. உதிர்ந்த இடம்தான் குழி. நகம் கெட்ட அதே விரலின் நுனி மூட்டு வீங்குவதும் இதனால்தான்.

சொரியாசிஸோடு வரும் இந்த மூட்டழற்சியை வகைப்படுத்த 2006இல் வெளியான காஸ்பர் அளவுகோலில் நக மாற்றத்துக்குத் தனியாக ஒரு புள்ளி உண்டு. அது தகும், ஏனென்றால் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை இவர்களில் பெரும்பாலோருக்கு இயல்பாகவே வரும். "ரத்தத்தில் ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீடு திரும்பும் மாதங்களில் மூட்டு அரிக்கப்படலாம். ஆறு மாதத் தாமதமே நிரந்தரச் சேதத்துக்கு இடம் கொடுக்கிறது.

சிலருக்குச் சொரியாசிஸும் பூஞ்சையும் சேர்ந்தே இருக்கும். நகத்துணுக்கைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். நகத்தடியில் குச்சி விட்டு நோண்டாதீர்கள். காயம் பட்டால் சொரியாசிஸ் கிளறப்படும். மெத்தோட்ரெக்சேட்டிலிருந்து உயிரி மருந்துகள் வரை சிகிச்சை இருக்கிறது. ஆனால் கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். புது நகம் முழுதாக வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரல்களோடு போங்கள். காலையில் எழுந்ததும் மூட்டு அரைமணி நேரத்துக்கு மேல் மடக்க முடியாமல் இறுகியிருந்தாலோ, குதிகால் வலித்தாலோ, ஒரு விரல் முழுவதும் வீங்கியிருந்தாலோ, தலையிலும் காதுக்குப் பின்னாலும் செதில் உதிர்ந்தாலோ, அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.