புனர்வாழ்வும் தையல் மெசினும்

வவுனியாவில் படிப்பிக்கும் எனக்குப் பூந்தோட்டம் தூரத்து இடமல்ல. 2009 மே மாதம் போர் முடிந்தபின், முன்னாள் போராளிகளென ஏறத்தாழ 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டனர். அவர்களில் 2,000க்கு மேற்பட்டோர் பெண்கள். பூந்தோட்டத்திலும் பெண்களுக்கான நிலையம் இயங்கியது. சட்டப்படி அது சிறைச்சாலை அல்ல. ஆனால் நினைத்த நேரம் வெளியே வர முடியாத இடத்தைச் சனங்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்?

ஆண்களுக்கு மேசன் வேலை, தச்சு வேலை, வயரிங் பழக்கினார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் தையல், அழகுக்கலை, கேக் செய்தல். 2010 ஜூனில் வவுனியாவில் முன்னாள் போராளிகளான 53 சோடிகளுக்கு ஒரே நாளில் திருமணம் நடத்தி, அதைப் புனர்வாழ்வின் வெற்றியாகக் காட்டினார்கள். வந்த பெண்களில் கனரக வாகனம் ஓட்டியவர்கள் இருந்தார்கள். காயக்காரரைப் பராமரித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கைப்பழக்கம் பெரிதாகக் கணக்கில் வரவில்லை.

இது இங்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. 1817இல் லண்டன் நியூகேட் சிறையில் எலிசபெத் ஃபிரை பெண் கைதிகளுக்குத் தையலும் வாசிப்பும் தொடங்கினார். நாதியற்றுக் கிடந்தவர்களுக்கு அது பெரிய இரக்கம்தான். ஆனால் ஒரு அளவுகோலும் கூடவே வந்தது. ஆண் திருந்தினால் தொழிலாளி ஆக வேண்டும். பெண் திருந்தினால் அடக்கமான பெண்ணாக வேண்டும். புலிகள் இயக்கத்துக்குள்ளும் காதலுக்கும் கல்யாணத்துக்கும் மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது. ஒழுக்கத்தின் பெயரால் இரு தரப்பும் கைவைத்தது பெண்ணின் சொந்த வாழ்க்கையில்தான்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். "அவங்களுக்காக நாம ஏன் கதைக்கணும்?" என்று என் உம்மாவே கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் இயக்கம் செய்த அநீதி வேறு, அதிலிருந்து வந்தவள் எப்படிப் பிழைப்பாள் என்பது வேறு. பகையிலும் நீதி தவறக் கூடாதென்றுதானே மார்க்கம் நமக்குச் சொல்கிறது. புருஷனை இழந்து பெண்களே குடும்பம் நடத்தும் வீடுகள் நிறைந்த வன்னிக் கிராமத்தில், எத்தனை தையற்காரிகளுக்கு வேலை கிடைக்கும்?

இதை எழுதும்போது என் வகுப்பே கண்முன் வருகிறது. போன வருஷம் தரம் பத்துக்குப் பாடம் தெரியும்போது, ஒரு மாணவி இயந்திரத் தொழினுட்பம் படிக்க ஆசைப்பட்டாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு அது சரிவராது, மகள். மனைப்பொருளியல் எடுங்க" என்றேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. நல்ல ஒழுக்கமான பிள்ளையென்று அன்று நானும் மெச்சிக்கொண்டேன்.