நாலு பேர் முன்னால்

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி உண்டு. மாஹிம், சயான், மாட்டுங்கா ஆகிய மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. பல தலைமுறைக்கு முன்பே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தமிழர்கள் இங்கே பிழைக்க வந்தார்கள். தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். தோல் பை தைக்கும் பட்டறை, துணி தைக்கும் பட்டறை, பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் பட்டறை என்று சந்துக்குச் சந்து வேலை நடக்கும்.

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. நன்றாக வேலை செய்கிறவரை மேஸ்திரி ஆக்கிவிடுவார்கள். சிலர் சூப்பர்வைசர் என்பார்கள். நேற்று வரை அவர் மிஷினில் உட்கார்ந்து தைத்தவர். இன்று பத்துப் பேரிடம் வேலை வாங்க வேண்டும். தைக்கத் தெரிந்தவருக்கு வேலை வாங்கவும் தெரியும் என்று முதலாளி நினைக்கிறார். இரண்டும் வேறு வேறு தொழில். இரண்டாவது தொழிலுக்கு வாய்தான் கருவி.

அந்தக் கருவியை நன்றாகப் பழகிய ஒருவரைப் பார்ப்போம். பெயர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்தவர். 1963ல் பம்பாய்க்கு வந்தார். தச்சு வேலை செய்தார். மான்குர்டு பக்கம் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் இருந்தார். அங்கே மாநகராட்சி குப்பை அள்ளவில்லை. ஜோக்கின் பிள்ளைகளைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பை. எல்லோரும் ஊர்வலமாகப் போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டினார்கள். அதிகாரிகள் அப்புறம்தான் பேச வந்தார்கள். பேசுவதற்கு முன் கேட்க வைக்க வேண்டும். அதை அவர் இளம் வயதிலேயே தெரிந்துகொண்டார்.

1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியை இடித்தார்கள். ஜோக்கின் டெல்லி வரை போய்ப் போராடியும் காலனி நிற்கவில்லை. மக்களைச் செம்பூரைத் தாண்டி டிராம்பே பக்கம் சீட்டா கேம்ப்புக்கு மாற்றினார்கள். வீடு போனாலும் பேச்சு போகவில்லை. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை அவர் வளர்த்தார். 2000ல் மகசேசே விருது வந்தது. 2011ல் பத்மஸ்ரீ வந்தது. 2018ல் அவர் இறந்தார்.

இவர் மட்டும் பேசியிருந்தால் கதை இவரோடு முடிந்திருக்கும். 1985ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்பது தீர்ப்பு. பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் பயந்தார்கள். ஸ்பார்க் என்ற அமைப்பும் ஜோக்கினின் கூட்டமைப்பும் அவர்களுக்குத் துணை நின்றன. 1986ல் ‘மகிளா மிலன்’ என்ற பெண்கள் குழு பிறந்தது.

அந்தப் பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சேமிப்புக் கணக்கை எப்படி வைப்பது? வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்தார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தொகை. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. பையைத் திறந்து எண்ணினால் கணக்குத் தெரியும். ரேஷன் அலுவலகத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் கூட்டமாகப் போனார்கள். முதல் தடவை பேச்சு வரவில்லை. போகப் போக வந்தது. தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று புடவையால் அளந்து மாதிரி வீடு அமைத்தார்கள். வந்து பார்த்த அதிகாரிகளுக்கு அவர்களே விளக்கினார்கள். தன் கையால் அளந்த வீட்டைப் பற்றிப் பேச யாருக்குத்தான் தயக்கம் வரும்?

1999ல் புனே மாநகராட்சி, குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடங்கள் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அங்குள்ள மகிளா மிலன் பெண்கள் சிலர் ஒப்பந்தம் எடுத்தார்கள். கட்டட வேலையில் அடித்தளம் எது, வடிகால் எது என்பதுகூட அவர்களுக்கு முதலில் தெரியாது. வெட்கப்படாமல் கேட்டார்கள். கொத்தனாரிடம் கேட்டார்கள், இஞ்சினியரிடம் கேட்டார்கள். பிறகு அவர்களே வேலையை மேற்பார்த்தார்கள். தெரியாததைக் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று பல மேஸ்திரிகள் நினைக்கிறார்கள். உண்மையில் தெரியாமல் உத்தரவு போடும்போதுதான் மதிப்பு போகிறது.

மறுபடி பட்டறைக்கு வருவோம். காலையில் வேலையைச் சொல்லும்போது மூன்று விஷயம் வேண்டும். என்ன வேலை, எத்தனை உருப்படி, எப்போதுக்குள். “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “எப்படிச் செய்யப் போறே, சொல்லு தம்பி” என்று கேட்டால்தான் உண்மை தெரியும். தாராவிப் பட்டறையில் தமிழரும் இருப்பார், மராட்டியரும் இருப்பார், பீகார்க்காரரும் இருப்பார். அரைகுறை இந்தி போதும். ஒரு உருப்படியைக் கையில் எடுத்துச் செய்து காட்டுவது எல்லா மொழியையும் விட நல்லது.

தப்பு நடந்தால்? பத்துப் பேர் முன்னால் திட்டினால் அடுத்த தப்பை மறைப்பார்கள். தையல் கோணல் என்றால் மறைத்தாலும் பை மட்டும்தான் கெடும். மோட்டார் ஒயர் தோல் உரிந்து கிடப்பதை மறைத்தால் உயிர் போகும். தோல் ஒட்டும் சொல்யூஷன் நெடியில் தலை சுற்றுகிறது என்று ஒருவர் தைரியமாகச் சொல்ல வேண்டும். ஜன்னலைத் திறக்க மேஸ்திரி உடனே எழ வேண்டும்.

இனி, கூட்டத்தில் பேசுவது. சால் கமிட்டிக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். எழுந்து நின்றதும் நெஞ்சு படபடக்கும். வாய் உலரும். கை நடுங்கும். இது நோய் இல்லை. பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது, அவ்வளவுதான். பழகிய பேச்சாளர்களுக்கும் இது வரும். ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம். தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்து ஆரம்பிக்கலாம். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். அடுத்தது தானாக வரும்.

எழுதப் பழகியவருக்கு இன்னொரு வசதி உண்டு. ஒரு சின்னச் சீட்டில் நாலைந்து சொல் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். ‘தண்ணீர் – மூன்று நாள் – அறுபது வீடு – ஒரே குழாய்’. அதைப் பார்த்தே பேசிவிடலாம். “ரொம்பக் கஷ்டம் அய்யா” என்பதை அதிகாரி தினமும் கேட்கிறார். “அறுபது வீட்டுக்கு ஒரே குழாய், அதிலும் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை” என்றால் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

பேசி முடித்ததும் மனுவைக் கொடுக்க வேண்டும். மனுவில் இரண்டு நகல் வேண்டும். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டிப் பேசலாம்.