சக்கரம் மக்கர் செய்தால்... வானில் விமானி என்ன செய்வார்?

2024 அக்டோபர் 11 மாலை. திருச்சியிலிருந்து 141 பயணிகளுடன் சார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடித்த விமானம், இரவு 8.15 மணியளவில் பத்திரமாகத் தரையிறங்கியது.

ஓசூருக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2023 ஜூலை 11 அன்று பெங்களூரு எச்ஏஎல் விமான நிலையத்தில் கிளம்பிய சிறிய ஜெட் விமானம், முன்சக்கரக் கோளாறால் உடனே திரும்பியது. முன்சக்கரம் இல்லாமலேயே தரையிறங்கியது. உள்ளே இருந்த 2 விமானிகளும் தப்பினர்.

உடனே இறங்க வேண்டியதுதானே?

முழு எரிபொருளோடு இறங்கினால், எடை தாங்காமல் சக்கரமும் பிரேக்கும் திணறும். பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே வெளியேற்றும் வசதி உண்டு. திருச்சியில் பறந்த போயிங் 737 ரகத்தில் அது கிடையாது. சுற்றிச் சுற்றி எரித்துத்தான் தீர்க்கணும். அந்த நேரத்தில் விமானிகள் சரிபார்ப்புப் பட்டியலை வரி வரியாகப் பார்ப்பார்கள்; கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தயாராகும்.

சக்கரம் இறங்கலைன்னா?

விமானி அறையில் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தால், மூன்று சக்கரத் தொகுதிகளும் இறங்கிப் பூட்டிக்கொண்டன என்று அர்த்தம். எரியாவிட்டால் மாற்றுவழி உண்டு. 737-இல் கைப்பிடியை இழுத்தால் மேல்பூட்டு விடுபடும். சக்கரம் தன் எடையாலேயே கீழே விழும்.

அதுவும் பலிக்காமல் முன்சக்கரம் மட்டும் சிக்கிக்கொண்டால், பின்சக்கரங்களை முதலில் ஊன்றி, வேகம் குறையும்வரை மூக்கைத் தூக்கிப் பிடித்து, பிறகு மெதுவாகத் தரையில் சாய்ப்பார்கள். எச்ஏஎல்லில் நடந்தது இதுதான்.

ஓசூருக்கு ஏன் இந்தக் கதை?

பேளகொண்டப்பள்ளியில் ஏற்கெனவே தனியார் ஓடுதளம் இருக்கிறது. ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் விமான நிலையம் ஓசூரில் 2,000 ஏக்கரில் அமையும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. முனையக் கட்டடம் எவ்வளவு முக்கியமோ, ஓடுதள நீளமும் தீயணைப்புப் படையும் அவ்வளவு முக்கியம்.

பயணி செய்ய வேண்டியது?

சீட் பெல்ட்டை இறுக்கி, சொன்னபடி குனிந்திருங்கள். வெளியேறச் சொன்னால் பையைத் தேடாதீர்கள். பாதிக் கதவுகள் மட்டும் திறந்தாலும் 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியணும் என்பதே விமான வடிவமைப்பின் விதி. ஒரு பையை இழுக்க நிற்பவர், பின்னால் இருப்பவரின் விநாடிகளையும் சேர்த்தே செலவழிக்கிறார்.