தனிக்குடித்தனம் போன பிரிட்டன்: ஒரு வணிகனின் கணக்குப் பார்வை

மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருத்தித் துணி வியாபாரம் செய்து வருபவன் நான். பொருளாதாரத்தைக் கல்லூரியில் படித்தவன் அல்லன். பில்லும் பேரேடும் கற்றுக் கொடுத்ததும், கடையடைத்த பிறகு இரவில் புத்தகம் புரட்டித் தெரிந்துகொண்டதும்தான் என் படிப்பு. "பிரெக்ஸிட் பிரெக்ஸிட் என்கிறார்களே, அதனால் வியாபாரத்துக்கு என்னதான் ஆச்சு? நம்ம பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்" என்று சங்க அன்பர்கள் சிலர் கேட்டதன்பேரில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சுங்கம் நமக்குப் புதிதல்ல

எல்லையில் சரக்கை நிறுத்தி வரி வாங்குவது தமிழனுக்குப் பழைய சங்கதி. வள்ளுவர் இதை 'உல்கு' என்கிறார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குக்குப் புலி முத்திரை குத்தி அனுப்பிய சுங்கக் காவலர்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வந்தது. சுங்கத்தைத் தவிர்த்ததற்காக ஒரு மன்னனுக்குப் பட்டப்பெயரே கிடைத்தது என்றால், அந்த நாளில் வணிகர்கள் அதை எவ்வளவு பெரிய உதவியாக நினைத்திருக்க வேண்டும்!

அவ்வளவு பின்னால் போவானேன்? மும்பைவாசிகளுக்கு ஆக்ட்ராய் நாகா மறந்திருக்காது. தஹிசரிலும் முலுண்டிலும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஈரோட்டிலிருந்து கிளம்பிய பேல் வழியிலே மாநிலத்துக்கு மாநிலம் செக்போஸ்ட், கடைசியில் நகர எல்லையில் நாகா என்று நின்று நின்றுதான் வந்து சேரும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது ஆக்ட்ராயும் போயிற்று, மாநில வரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டன. ஜி.எஸ்.டி.யில் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்குத் தலைவலிகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் லாரி நிற்காமல் ஓடுவதன் அருமை எங்களுக்குத் தெரியும். பிரிட்டன் செய்தது இதற்கு நேர் எதிரானது. எடுத்துவிட்ட நாகாவைத் தானே திரும்ப வைத்துக்கொண்டது.

சேர்ந்த கதை

1957-இல் ரோம் நகரில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்தன. பிரிட்டன் 1961-இல் சேர விண்ணப்பித்தது. பிரான்ஸ் அதிபர் டி கால் 1963-இலும் 1967-இலும் முடியாது என்று கதவைச் சாத்தினார். அவர் பதவி விலகிய பிறகு, 1973 ஜனவரி 1-ஆம் தேதி பிரிட்டன் உள்ளே நுழைந்தது.

அப்படிச் சேர்ந்ததிலும் வேறு சிலருக்கு நஷ்டம் உண்டு. இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளுக்கு பிரிட்டன் 1932 முதல் கொடுத்துவந்த வரிச்சலுகை படிப்படியாக நின்றுபோயிற்று. வெண்ணெயையும் ஆட்டிறைச்சியையும் பெரும்பாலும் பிரிட்டனுக்கே விற்றுவந்த நியூஸிலாந்து வேறு சந்தை தேடி அலைந்தது. ஒரு வீட்டில் சேர்ந்தால் அடுத்த வீட்டுக்கு ஒரு கதவு சாத்தப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

மூன்று படிகள்

செய்தித்தாளில் வரும் மூன்று சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

முதல் படி தடையற்ற வணிக ஒப்பந்தம். 'உன் சரக்குக்கு நான் வரி போட மாட்டேன், என் சரக்குக்கு நீ போடாதே' என்பது இதன் சாரம். ஆனால் வருவது உன் சரக்குதானா என்று எல்லையில் சோதிப்பேன்.

இரண்டாவது படி சுங்க ஒன்றியம். உறுப்பு நாடுகளுக்குள் வரி கிடையாது. வெளியாருக்கு எல்லாரும் ஒரே வரி. வெளிநாட்டுச் சரக்கு ஒரு துறைமுகத்தில் ஒருமுறை வரி கட்டி உள்ளே வந்துவிட்டால் எங்கும் போகலாம்.

மூன்றாவது படி ஒற்றைச் சந்தை. ஐரோப்பாவில் இது 1993 ஜனவரி 1-ஆம் தேதி முழு வடிவம் பெற்றது. இதில் வரியோடு விதிமுறைகளும் ஒன்றாகின்றன. பாலுக்கும் மருந்துக்கும் பொம்மைக்கும் ஒரே தரம். சரக்கோடு மனிதரும் பணமும் சேவையும் தடையில்லாமல் போகலாம். இதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் பிரிட்டனின் பிரதமர் மார்கரெட் தாட்சர் என்பது வேடிக்கை.

நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி பெரும்பாலான தொழிற்பொருள்களுக்குச் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. பிரிட்டன் இரண்டையும் விட்டு இறங்கி முதல் படியில் வந்து நின்றது.

பிரிந்த கதை

2016 ஜூன் 23-ஆம் தேதி பொதுவாக்கெடுப்பு நடந்தது. வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், வேண்டாம் என்றவர்கள் 48.1 சதவீதம். வெளியேறச் சொன்னவர்களை ஏதும் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. நம் சட்டத்தை நாமே இயற்ற வேண்டும், நம் கடலில் நாமே மீன் பிடிக்க வேண்டும், குடியேற்றத்தை நாமே முடிவு செய்ய வேண்டும், ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தை நாமே செலவழிக்க வேண்டும் என்பன அவர்கள் வாதங்கள். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்பது எங்கள் சமண மரபின் பாலபாடம். வாக்குப் பெட்டியில் விழுந்தது வணிகக் கணக்கு மட்டும் அல்ல, தன்மானக் கணக்கும்தான்.

மறுநாளே பவுண்டு சரிந்தது. டாலருக்கு எதிராக 1985-க்குப் பிறகு கண்டிராத அளவு கீழே போயிற்று. பின்னர் நீண்ட பேச்சு, இரண்டு பிரதமர்கள் ராஜிநாமா, இரண்டு பொதுத்தேர்தல். 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் முறைப்படி வெளியேறியது. டிசம்பர் 31 வரை இடைக்காலம். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் புதிய வணிக ஒப்பந்தம் முடிவாயிற்று. ஜனவரி 1 முதல் அமல். வியாபாரிகளுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வாரம்!

வரி இல்லை, ஆனால் காகிதம் உண்டு

அந்த ஒப்பந்தப்படி இரு தரப்புச் சரக்குக்கும் சுங்கவரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. 'அப்புறம் என்ன கஷ்டம்?' என்று கேட்கலாம். கஷ்டமெல்லாம் காகிதத்தில் இருக்கிறது.

2020 வரை மான்செஸ்டரில் இருக்கும் கடைக்காரர் பாரிஸுக்குத் துணி அனுப்புவது, நாம் தாதரிலிருந்து தாணேவுக்கு அனுப்புவது மாதிரிதான். பில் போட்டால் போதும். 2021 முதல் ஏற்றுமதிப் பத்திரம், அந்தப் பக்கம் இறக்குமதிப் பத்திரம், பிறப்பிட அறிவிப்பு, எல்லையில் வாட் வரி, உணவானால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்று என்று வரிசையாக வந்தன. ஆண்டுக்கு 5.5 கோடியாக இருந்த சுங்கப் பத்திரங்கள் 27 கோடியாகும் என்று பிரிட்டன் அரசுத் தரப்பே வெளியேறுமுன் மதிப்பிட்டிருந்தது.

இங்கேதான் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் வித்தியாசம். ஒரே சரக்கை நாற்பது கன்டெய்னரில் அனுப்புகிறவனுக்குக் கிளியரிங் ஏஜெண்டு செலவு ஒரு துண்டுக்குக் காசு கணக்கில்தான் விழும். பத்துப் பெட்டி அனுப்புகிறவனுக்கு அதே செலவு லாபத்தை முழுசாக விழுங்கிவிடும். லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, முன்பு ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்த பிரிட்டிஷ் நிறுவனங்களில் சுமார் 16,400, அதாவது 14 சதவீதம், அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டதாகச் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் ஏறக்குறையத் தாக்குப்பிடித்தன. விழுந்தவை பெரும்பாலும் சிறியவை. பெரிய வரியைக்கூட விலையில் ஏற்றிச் சமாளிக்கலாம். நிச்சயமின்மையையும் தாமதத்தையும் எந்த விலையில் ஏற்றுவது?

பிறப்பிடச் சிக்கல்

இது நம்ம ஊர்ச் சரக்கையும் தொடுகிறது. கரூரிலிருந்து துண்டும் படுக்கை விரிப்பும் இங்கிலாந்துக்குப் போகின்றன. முன்பு ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தில் ஒருமுறை வரி கட்டி இறக்கிவிட்டால், அங்குள்ள மொத்த வியாபாரி அதிலிருந்து நூறு பெட்டியை அயர்லாந்துக்கும் ஐம்பதை ஜெர்மனிக்கும் கைவீசி அனுப்புவார். 2021-க்குப் பிறகு அது நடக்காது. சரக்கு இந்தியாவில் பிறந்தது. பிரிட்டனில் பெட்டி மாற்றியதால் பிரிட்டிஷ் சரக்கு ஆகிவிடாது. ஆகவே பூஜ்ய வரிச் சலுகை கிடையாது. பிரிட்டனில் கட்டியது போக ஐரோப்பிய எல்லையில் மறுபடியும் வரி. சுங்கக் கிடங்கில் வரி கட்டாமல் வைத்திருந்து அனுப்பலாம்தான். அதற்குத் தனி அனுமதி, தனிக் கணக்கு வேண்டும்.

இதன் விளைவாக, பிரிட்டனை ஐரோப்பாவின் வாசற்படியாக வைத்து வியாபாரம் செய்தவர்கள் சரக்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நேராக ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப் துறைமுகங்களுக்கு அனுப்பும்படி ஆயிற்று. வாசற்படியாக இருந்தவன் இடம் மாறினால் வாசலும் மாறும்.

மீனும் உருளைக்கிழங்கும்

பிரிவினைப் பேச்சில் மீனவர் பெயர்தான் அதிகம் அடிபட்டது. நடந்தது என்ன? பிரிட்டன் கடலில் எடுத்த சிப்பி வகைகள் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் விற்கும். ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாடு என்று ஆனதும், அத்தனை தூய்மையில்லாத நீரில் எடுத்த உயிர்ச் சிப்பியைச் சுத்திகரிக்காமல் உள்ளே விட மாட்டோம் என்று ஒன்றியம் சொல்லிவிட்டது. அது புதிதாகப் போட்ட விதி அல்ல. வெளியாருக்கு என்று ஏற்கனவே இருந்த விதி; பிரிட்டனும் உள்ளே இருந்தபோது ஒப்புக்கொண்ட விதிதான். ஸ்காட்லாந்தின் விதை உருளைக்கிழங்குக்கும் 2021 ஜனவரியில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. கடல் நம்முடையது, மீனும் நம்முடையது. வாங்குகிறவன் அக்கரையில் அல்லவா இருக்கிறான்!

கிரீன்லாந்தும் மீனை முன்னிட்டுத்தான் 1985-இல் ஐரோப்பியச் சமூகத்தை விட்டுப் போயிற்று. ஆனால் அதன் மக்கள்தொகை சுமார் ஐம்பதாயிரம். விற்கும் பொருளும் ஏறக்குறைய மீன் ஒன்றுதான். பிரிட்டனின் கணக்கு அப்படி எளிதல்ல.

நடு வீட்டில் சுவர்

எங்கள் வந்தவாசிப் பக்கம் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது நிலத்தைப் பிரித்துவிடுவார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. 'கிணறும் நடைபாதையும் பொது' என்று எழுதி, இறைக்கும் முறைநாளையும் குறித்து வைப்பார்கள். பிரிட்டனுக்கு அந்தக் கிணறு வட அயர்லாந்து. அதன் தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. நடுவே சுங்கச்சாவடி வைத்தால், 1998 சமாதான உடன்படிக்கையால் அடங்கிய பழைய பகை மறுபடி மூளும் அபாயம் உண்டு. அதனால் வட அயர்லாந்து சரக்கு விதிகளில் ஒற்றைச் சந்தையோடே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். விளைவாகச் சோதனை, ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கு இடையிலுள்ள கடலில் வந்து விழுந்தது. இதற்கு எழுந்த எதிர்ப்பைத் தணிக்க 2023 பிப்ரவரியில் விண்ட்ஸர் ஒப்பந்தம் வந்தது. வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சை வழி, தாண்டிப் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி.

வரவும் செலவும்

பேரேட்டில் இரு பக்கமும் எழுத வேண்டும். வரவுப் பக்கம் முதலில். பிரிட்டனின் சேவை ஏற்றுமதி, அதாவது வங்கி, சட்டம், ஆலோசனை, கணினிப் பணி ஆகியவை, பலர் பயந்தது போல் விழவில்லை, நன்றாகவே வளர்ந்தன. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஒப்பந்தங்கள் 2023 மே மாதம் அமலுக்கு வந்தன. பசிபிக் நாடுகளின் வணிகக் கூட்டமைப்பில் 2024 டிசம்பரில் சேர்ந்தது. 2025-இல் அமெரிக்கா பல நாடுகளுக்கு அதிக வரி விதித்தபோது பிரிட்டனுக்கு 10 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 15 சதவீதம் என்று அமைந்தது. தனியாக இருந்ததால் கிடைத்த சலுகை அது.

செலவுப் பக்கம்: பிரிட்டன் அரசின் கணக்கைச் சுதந்திரமாக மதிப்பிடும் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித் திறன் 4 சதவீதமும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதமும், உள்ளே இருந்திருந்தால் எட்டக்கூடிய அளவைவிடக் குறையும் என்று கணிக்கிறது. இந்திய ஒப்பந்தத்தால் கிடைக்கும் என்று பிரிட்டன் அரசு சொல்வது 0.1 சதவீதம். புதிய ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் கூட்டினாலும் ஓட்டை அடைபடாது. காரணம் எளிது. 2024-இல்கூட பிரிட்டனின் ஏற்றுமதியில் சுமார் 41 சதவீதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத்தான். எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கும் வாடிக்கைக்காரர், எதிர்வீட்டு வாடிக்கைக்காரருக்கு ஈடாவதில்லை.

இதை இரு தரப்பும் உணர்ந்திருப்பதற்கு அடையாளமும் உண்டு. தனி முத்திரை வேண்டும் என்று அறிவித்த பிரிட்டன், 2023-இல் ஐரோப்பியத் தர முத்திரையையே பெரும்பாலான பொருள்களுக்குக் காலவரம்பின்றி ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. 2025 மே மாதம் லண்டனில் கூடி, உணவுப் பொருள் சோதனையைக் குறைக்க ஓர் உடன்பாட்டுக்கு முயல்வதென்றும், ஐரோப்பியப் படகுகளுக்குப் பிரிட்டன் கடலில் 2038 வரை மீன் உரிமை என்றும் முடிவு செய்தார்கள்.

நமக்கு என்ன?

2025 ஜூலை 24-ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் தனியாக இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கவே முடியாது. 12 சதவீதம் வரை இருந்த துணி, ஆயத்த ஆடை வரியைப் பூஜ்யமாக்க இது வகை செய்கிறது. வரியில்லாமல் விற்றுவந்த பங்களாதேஷோடு போட்டியிட்டு இளைத்துப்போன திருப்பூருக்கும் கரூருக்கும் இது நல்ல செய்திதான். ஆனால் நம் வாலிபர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இச்சலுகைக்கும் பிறப்பிடச் சான்று வேண்டும். பஞ்சு எங்கே, நூல் எங்கே, தைத்தது எங்கே என்று ரிக்கார்டு வைத்திருப்பவனுக்கே பலன். காகிதத்தை அலட்சியம் செய்த பிரிட்டிஷ் சிறு வியாபாரி பட்ட பாடு நமக்கும் வரக் கூடாது.

இன்னொன்று, மாநிலம் விட்டு மாநிலம் வந்து பிழைக்கும் நமக்கே உரியது. நம் பேலும் வரும், நாமும் வருவோம், யாரும் சீட்டுக் கேட்பதில்லை. பரந்த நாடு ஒரே சந்தையாக இருப்பதன் பலன் அது. கூட்டில் இருக்கும்போது அது காற்றைப் போல, இருப்பதே தெரியாது. கூட்டுக்குள் அநீதி இருந்தால் உரக்கப் பேச வேண்டும், பங்கு குறைந்தால் கணக்குக் கேட்க வேண்டும். அதில் வெட்கம் எதுவும் இல்லை. தனிக்குடித்தனமே வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால் அதுவும் அவர் உரிமை. ஆனால் முடிவெடுக்குமுன், அடுப்புக்கு ஆகும் செலவை யார் தருவது என்று பேரேட்டில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் அந்தச் செலவு அதிகமாக விழுந்தது பத்துப் பெட்டி அனுப்பிய சின்ன வியாபாரியின் தலையில்.