வேலி தாண்டும் பந்தும் விகிதக் கணக்கும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்களில் அண்மை ஆண்டுகளில் எடுக்கப்படும் ஓட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, ஹோம் ரன் எனப்படும் ஒரே வகை அடியிலிருந்து வருகிறது. பந்து தரையில் படாமல் எல்லை வேலியைத் தாண்டி விழுந்தால் அடித்தவர் மட்டுமின்றி, அந்த நேரத்தில் பேஸ்களில் காத்து நிற்கும் சக ஆட்டக்காரர்கள் அனைவரும் தடையின்றி ஓடி முடித்து ஆளுக்கோர் ஓட்டம் சேர்க்கலாம் என்பதால், கிரிக்கெட்டின் சிக்சரைவிடவும் கனமான அடி அது. பருவம் முழுவதும் ஹோம் ரன்களைக் குவித்த அணி ஒன்று அக்டோபர் மாத இறுதிச் சுற்றுகளில் சறுக்கி வெளியேறும்போதெல்லாம், அணிகள் வேலியை மட்டுமே நம்பி ஆட்டத்தின் மற்றக் கலைகளை மறந்துவிட்டன என்ற குற்றச்சாட்டு எழுகிறது. குற்றச்சாட்டு பழையதுதான் என்றாலும், எண்களை வைத்துச் சோதிக்கத் தக்கது.

சோதிப்பதற்கான அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. ஓர் அணி எடுத்த மொத்த ஓட்டங்களில் ஹோம் ரன் வழியாக வந்தவை எத்தனை விழுக்காடு என்ற எண்ணுக்கு ஜோ ஷீஹன் என்ற பேஸ்பால் எழுத்தாளர் ‘கியேன் எண்’ என்று பெயரிட்டார். ஆசி கியேன் என்பவரின் பொறுப்பில் 2005இல் பருவத்தின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ் பட்டத்தை வென்ற சிகாகோ வைட் சாக்ஸ், சிறு அடிகளாலும் ஓட்ட வேகத்தாலும் வென்ற அணி என்று புகழப்பட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் அது அடித்த ஹோம் ரன்கள் 200. புகழுக்கும் கணக்குக்கும் இடையே இருந்த இந்த வேடிக்கையான இடைவெளியே பெயருக்குக் காரணம்.

அடியின் மதிப்பை எடைபோட, ஆட்டத்தின் அமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் எடுக்கப்பட்ட ஓட்டம் அந்த நொடியிலேயே அணியின் கணக்கில் ஏறிவிடுகிறது. பேஸ்பாலில் மட்டையாளர் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைக் கடந்து, புறப்பட்ட இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வந்தால்தான் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனதும் அந்த இன்னிங்ஸ் முடிந்துவிடுகிறது. அப்போது மூன்றாம் பேஸில் நிற்பவருக்கும் கணக்கில் எதுவும் கிடைப்பதில்லை. ஒரு பேஸ் மட்டும் முன்னேற்றும் ‘சிங்கிள்’ அடி, ஆகவே, பாதியில் நிற்கும் வேலையாகும். அதைப் பின்னால் வருபவர்கள் முடித்துவைக்க வேண்டும். ஹோம் ரன் ஒன்றே தொடங்கியவர் கையாலேயே முடிகிற வேலை.

ஆட்டத்தின் ஒவ்வொரு நிலையிலும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ஓட்டங்கள் வரும் என்று ஜார்ஜ் லிண்ட்சே என்ற கனடா நாட்டு அறிஞர் ஆயிரக்கணக்கான நிகழ்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 1963இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ‘ஓட்ட எதிர்பார்ப்பு’ எனப்படும் அந்த முறையில், யாரும் அவுட் ஆகாமல் பேஸ்களும் காலியாக இருக்கும்போது எதிர்பார்ப்பு ஏறத்தாழ 0.5 ஓட்டம், அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஒருவர் நின்றால் ஏறத்தாழ 0.9, அவரை இரண்டாம் பேஸுக்கு நகர்த்துவதற்காக, மட்டையை வீசாமல் பந்தின் முன்னே நீட்டி மெல்லத் தட்டும் ‘பண்ட்’ உத்தியில் ஓர் அவுட்டைப் பலி கொடுத்தால் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 0.7ஆகக் குறைந்துவிடுகிறது. தியாகம் என்று தலைமுறை தலைமுறையாகப் பாராட்டப்பட்ட உத்தி, பெரும்பாலான வேளைகளில் நட்டக் கணக்கு என்பதை இந்த எளிய கழித்தல் காட்டிவிட்டது. இதே முறையில் ஒவ்வொரு வகை அடியும் சராசரியாகக் கூட்டும் மதிப்பையும் கணக்கிடலாம்: சிங்கிளுக்கு ஏறத்தாழ 0.47 ஓட்டம், ஹோம் ரன்னுக்கு ஏறத்தாழ 1.4 ஓட்டம்.

இதற்கு மேலும் ஒரு நிகழ்தகவுக் காரணம் உண்டு. இந்தப் பொருளின் உயிர்நிலை என்று அதைச் சொல்லலாம். சிறு அடிகளால் ஓர் ஓட்டம் எடுக்க மூன்று அடிகள் தொடர்ந்து விழ வேண்டும் என்றும், ஒவ்வோர் அடியும் விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்றும் கொண்டால், மூன்றும் அடுத்தடுத்து விழும் வாய்ப்பு நான்கில் ஒன்றை மூன்று முறை பெருக்கக் கிடைக்கும் 64இல் ஒன்று. எதிரே தேர்ந்த பந்தெறிபவர் நின்று அந்த வாய்ப்பை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டால், தொடரின் வாய்ப்பு 125இல் ஒன்றாக, அதாவது ஏறத்தாழப் பாதியாகச் சரிகிறது. அதே பந்தெறிபவர் ஹோம் ரன் வாய்ப்பையும் அதே விகிதத்தில் குறைத்தாலும், அங்கே பெருக்கலுக்கு இடமில்லாததால் இழப்பு ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். மெய்யான ஆட்டத்தில் இடையில் அவுட்டுகளும் ‘வாக்’ எனப்படும் இலவச நடைகளும் கலந்து வரும் என்பதால் எண்கள் இவ்வளவு நறுக்காக அமைவதில்லை. ஆனால் சங்கிலி நீள நீள, கண்ணிகளின் பலவீனம் பெருகுகிறது என்ற உண்மை மாறாது. சிறந்த பந்தெறிபவர்கள் மட்டுமே எஞ்சும் அக்டோபரில் ஹோம் ரன்னை நம்பும் அணிதான் முதலில் விழும் என்ற பொது நம்பிக்கை, இந்தக் கணக்கின்படி, தலைகீழானது.

அட்லாண்டா பிரேவ்ஸ் அணியை வைத்தே இதைப் பார்க்கலாம். 2023இல் 307 ஹோம் ரன்களுடன், மினசோட்டா ட்வின்ஸ் 2019இல் படைத்த சாதனையைச் சமன் செய்து, 947 ஓட்டங்களும் 104 வெற்றிகளும் பெற்ற அந்த அணி, பிலடெல்பியா பில்லிஸ் அணியிடம் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்று வெளியேறியது. வேலியை நம்பியதற்குக் கிடைத்த தண்டனை என்று இது விளக்கப்பட்டது. ஆனால் அந்த நான்கு ஆட்டங்களில் பிலடெல்பியா அடித்த ஹோம் ரன்கள் 11. அட்லாண்டா அடித்தவை 3. தோற்ற அணியைக் கவிழ்த்தது எதிரணியின் ஹோம் ரன்கள்தான் என்பது விளக்கம் சொன்னவர்கள் கண்ணில் படாமல் போனது சற்று வியப்பே.

அளவுகோலிலேயே ஒரு கோளாறும் இருக்கிறது. கியேன் எண் ஒரு விகிதம். எந்த விகிதமும் மேலிருக்கும் எண் கூடினாலும் உயரும், கீழிருக்கும் எண் குறைந்தாலும் உயரும். கற்பனையாக ஓர் அணி 800 ஓட்டங்கள் எடுத்து அவற்றில் 360 ஹோம் ரன் வழியாக வந்திருந்தால் விகிதம் 45 விழுக்காடு. மறு ஆண்டு அதே எண்ணிக்கையில் ஹோம் ரன் அடித்தும் மற்ற அடிகள் வறண்டுபோய், பேஸ்களில் காத்திருப்போர் குறைந்ததால் ஹோம் ரன் ஓட்டங்கள் 345ஆகவும் மொத்தம் 680ஆகவும் இறங்கினால் விகிதம் 51 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. நம்பிக்கை கூடியதாக எண் சொல்கிறது, நடந்ததோ வறுமை. 2010இல் டொரண்டோ புளூ ஜேஸ் 257 ஹோம் ரன்கள் அடித்து, தன் ஓட்டங்களில் பாதிக்கு மேல் அவற்றாலேயே பெற்றும், 85 வெற்றிகளோடு தன் பிரிவில் நான்காம் இடத்தில் முடித்தது. அந்த அணியில் மட்டையாளர்கள் அவுட் ஆகாமல் பேஸை அடைந்த விகிதம் ஆயிரத்துக்கு 312 மட்டுமே. ஹோம் ரன்கள் பலவும் காலியான பேஸ்களுக்கு மேலே பறந்து ஒற்றை ஓட்டமாகக் கழிந்தன. 1.4 என்ற சராசரி மதிப்பு, முன்னே யாராவது காத்து நின்றால்தான் நிற்கும் எண் என்பதை மறந்துவிடலாகாது.

ஹோம் ரன் பெருகியதற்கு மட்டையாளரின் மனப்போக்கு மட்டும் காரணமன்று. பந்தும் காற்றும் தங்கள் பங்கைச் செய்திருக்கின்றன. 2015 முதல் மேஜர் லீக் ஆடுகளங்கள் அனைத்திலும் ரேடாரும் கேமராவும் பொருத்தப்பட்டு, மட்டையை விட்டுப் பந்து புறப்படும் வேகமும் கோணமும் அளக்கப்படுகின்றன. மணிக்கு ஏறத்தாழ 158 கிலோமீட்டர் வேகத்தில், 26 முதல் 30 பாகைக்குள் கிளம்பும் பந்து வேலியைத் தாண்டும் வாய்ப்பு மிகுதி என்று தெரிந்தபின், தரையோடு அடிக்கும் பழைய பயிற்சியைப் பலர் கைவிட்டு மட்டையைக் கீழிருந்து மேலாக வீசப் பழகினர். பந்தின் தோலை இணைக்கும் 108 இரட்டைத் தையல்களின் மேடு எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்றின் இழுவை கூடும். 6,776 ஹோம் ரன்கள் என்ற என்றுமில்லாத எண்ணிக்கை பதிவான 2019ஆம் ஆண்டை இயற்பியலாளர் ஆலன் நேதன் தலைமையிலான குழு ஆராய்ந்தபோது, முந்தைய ஆண்டைவிட ஏற்பட்ட உயர்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு இழுவைக் குறைவாலும் எஞ்சியது மட்டையாளர்கள் அடிக்கும் விதத்தாலும் வந்ததென்று கண்டது. இழுவைக் குறைவுக்குக் காரணமாகச் சுட்டப்பட்டவற்றுள் ஒன்றான தையல் உயர வேறுபாடு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. வெப்பமான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் புவி வெப்பமாதலுக்கும் இதில் சிறு பங்குண்டு. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் 500க்கும் மேற்பட்ட ஹோம் ரன்களை அதன் கணக்கில் சேர்க்கலாம் என்று டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் 2023இல் மதிப்பிட்டனர்.

பந்தின் தன்மை பின்னர் மாற்றப்பட்டதன் விளைவு கவனத்துக்குரியது. 2022இல் ஹோம் ரன்கள் 5,215ஆகக் குறைந்தன. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் சராசரி ஓட்டமும் 2019இன் 4.83இலிருந்து 4.28ஆக இறங்கியது. வேலியைத் தாண்டாத பந்துகள் சிங்கிளாகவும், இரண்டு பேஸ் முன்னேற்றும் ‘டபுள்’ அடியாகவும் மாறி இழப்பை ஈடுசெய்யவில்லை. பல, களத்தின் ஆழத்தில் நின்றவரின் கையுறைக்குள் போய் விழுந்தன. குற்றச்சாட்டில் உண்மை இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது: மேல்நோக்கி வீசும் மட்டை, பந்தைத் தொடாமல் போகும் வாய்ப்பும் மிகுதி என்பதால், மூன்று ஸ்ட்ரைக்குகள் விழுந்து அவுட் ஆகும் ‘ஸ்ட்ரைக் அவுட்’ பெருகி, 2018இல் மேஜர் லீக் வரலாற்றிலேயே முதன்முறையாக ஸ்ட்ரைக் அவுட்டுகள் (41,207) அடிகளை (41,018) விஞ்சின. ஸ்ட்ரைக் அவுட் மற்ற அவுட்டுகளைவிட மிகச் சிறிதளவே கேடானது என்று கணக்கு சொல்வதால் அணிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. பந்து களத்துக்குள் உருண்டால்தான் எதிரணி தவறவும் கூடும் என்ற உண்மை அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டே இருக்கிறது. ஆனாலும் சராசரியின் அடியில் அமுங்கிக் கிடக்கும் அது, சில இரவுகளில் மட்டும் வெளியே வருகிறது.

வேலியை நம்பாமல் பந்தைக் களத்துக்குள் அடித்து வெல்லும் வழியின் சான்றாக கான்சஸ் சிட்டி ராயல்ஸ் எப்போதும் முன்வைக்கப்படும் அணி. 2014இல் 30 அணிகளுள் மிகக் குறைவாக 95 ஹோம் ரன்கள் மட்டும் அடித்தும் வேர்ல்ட் சீரீஸின் ஏழாம் ஆட்டம் வரை சென்ற அவர்கள், மறு ஆண்டு பட்டத்தையும் வென்றனர். ஸ்ட்ரைக் அவுட்டைத் தவிர்ப்பதிலும் பந்தெறிபவர் எறியும் வேளையில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேரும் ‘பேஸ் திருட்டிலும்’ அவர்கள் கைதேர்ந்தவர்கள்தான். எனினும் எடுத்த ஓட்டங்களைக் காத்தது கடைசி மூன்று இன்னிங்ஸில் எதிரணியைக் கட்டிப்போட்ட பந்தெறிபவர்களும் களக்காப்பும் என்பதைப் பாராட்டுரைகள் எளிதில் விட்டுவிடுகின்றன.

இரு வழிகளும் ஒரே தொடரில் எதிரெதிரே நின்று தங்களைக் காட்டிக்கொண்டது 2024இன் வேர்ல்ட் சீரீஸில். அக்டோபர் 25இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த முதல் ஆட்டத்தின் பத்தாம் இன்னிங்ஸில் யாங்கீஸ் அணியிடம் 3-2 எனப் பின்தங்கியிருந்த டாட்ஜர்ஸ் அணிக்காக ஃப்ரெட்டி ஃப்ரீமன், தனக்கு வந்த முதல் பந்தையே வேலிக்கு அப்பால் அனுப்பி நான்கு ஓட்டங்களோடு ஆட்டத்தை முடித்துவைத்தார். மூன்று பேஸ்களும் நிறைந்த நிலையில் ஹோம் ரன்னால் ஆட்டம் முடிவது வேர்ல்ட் சீரீஸ் வரலாற்றில் அதுவே முதல் முறை. ஆனால் அந்த நால்வரில் காவின் லக்ஸ் பேஸுக்கு வந்தது ஒரு வாக்கால். டாமி எட்மன் வந்தது உள்வட்டத்தைக்கூடத் தாண்டாத ஒரு சிங்கிளால். அடுத்த அடியைக் கேட்ச் பிடித்தவர் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் பகுதிக்குள் விழுந்துவிட்டதால் இருவருக்கும் விதிப்படி ஆளுக்கொரு பேஸ் கிடைத்தது. மூக்கி பெட்ஸோ, எதிரணி வேண்டுமென்றே கொடுத்த இலவச நடையில் வந்து நின்றவர்.

ஐந்து நாள் கழித்து நியூயார்க்கில் நடந்த ஐந்தாம் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்களின் துணையோடு 5-0 என முன்னிலை பெற்றது யாங்கீஸ் அணி. ஐந்தாம் இன்னிங்ஸில் ஆரோன் ஜட்ஜ் எளிய கேட்ச் ஒன்றைத் தவறவிட்டார். ஆன்டனி வோல்பி மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து தரையில் பட்டுத் தெறித்தது. அடுத்த இருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்து மீளும் நிலைக்கு வந்துவிட்ட பந்தெறிபவர் கெரிட் கோல், பெட்ஸ் தரையோடு தட்டிய பந்துக்கு முதல் பேஸைக் காக்க ஓடாமல் நின்றுவிட்டார். சாதாரணமாக இன்னிங்ஸை முடித்திருக்க வேண்டிய அந்தப் பந்தில் முதல் ஓட்டம் வந்தது, அதன்பின் ஒரு சிங்கிள், ஒரு டபுள், கணக்கு 5-5. யாங்கீஸ் மீண்டும் ஓர் ஓட்டம் முந்தியபோதும், எட்டாம் இன்னிங்ஸில் கேட்ச் ஆகும் என்று தெரிந்தே உயர அடித்து மூன்றாம் பேஸில் நிற்பவரை ஹோம் பிளேட்டில் சேர்க்கும் ‘தியாக’ அடிகள் இரண்டால் டாட்ஜர்ஸ் 7-6 என வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தில் அவர்கள் அடித்த ஹோம் ரன்களின் எண்ணிக்கை சுழியம்.