எஸ்ஆர்எஸ் பணத்தை எப்போது எடுக்கலாம்?

எஸ்ஆர்எஸ் எனப்படும் துணை ஓய்வுகாலத் திட்டத்தில் பணம் போட்டால் வரி குறையும் என்பது வேலைக்குப் போகும் பலருக்கும் தெரியும். எடுக்கும்போது வரி உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

எஸ்ஆர்எஸ் பணத்தில் வாங்கிய முதலீட்டுக் காப்புறுதி முதிர்ந்தால், தொகை அதே கணக்குக்குத் திரும்பும். அதற்கு வரி இல்லை. அங்கிருந்து உங்கள் கைக்கு வரும்போதுதான் வரி.

வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ள ஒருவர், வீட்டைப் புதுப்பிக்க 45 வயதிலேயே 20,000 வெள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 5 விழுக்காடு அபராதம் 1,000 வெள்ளி. முழுத் தொகையும் வருமானத்தோடு சேர்வதால் 7 விழுக்காட்டில் வரி 1,400 வெள்ளி. மொத்தம் 2,400 வெள்ளி போய்விடும். புதுச் சமையலறைக்கு இது கொஞ்சம் அதிக விலைதான்.

ஓய்வு வயதுக்குப் பிறகு அபராதம் இல்லை. எடுப்பதில் பாதிக்கு மட்டுமே வரிக்கணக்கு. முதல் 20,000 வெள்ளி வருமானத்துக்கு வரி கிடையாது என்பதால், வேறு வருமானம் இல்லாதவர் ஆண்டுக்கு 40,000 வெள்ளி வீதம் பத்தாண்டுகளில் 400,000 வெள்ளியை வரியின்றி எடுக்கலாம். அதையே ஒரே ஆண்டில் எடுத்தால் வரி 21,150 வெள்ளி.

அந்தப் பத்தாண்டு, ஓய்வு வயதுக்குப்பின் முதன்முறை எடுக்கும் நாளில் தொடங்குகிறது. வயதாகிவிட்டதே என்று, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே அவசரப்பட வேண்டாம். 60,000 வெள்ளி வருமானத்தோடு 40,000 வெள்ளி எடுத்தால் கூடுதல் வரி 1,400 வெள்ளி. வேலையை விட்ட மறு ஆண்டு எடுத்தால் அது மிச்சம்.

உங்கள் ஓய்வு வயது, முதன்முதலில் பணம் போட்ட நாளின் சட்டப்படியானது. 2022 ஜூலைக்கு முன் போட்டவர்களுக்கு 62. அதன்பின் 2026 ஜூன் முடியும்வரை போட்டவர்களுக்கு 63. பிறகு தொடங்குவோருக்கு 64. ஒரு வெள்ளி போட்டிருந்தாலும் போதும்.